பூனை வீட்டுக்குள் சிறுநீர் கழித்தால்: சாக்கை எடுக்கும் முன்



சென்ற மாதம் ஒரு நாள் மஃரிபுக்குப் பிறகு நமது டிரஸ்ட் அலுவலகத்துக்கு ஒரு சகோதரர் கல்வி உதவி ஃபாரம் வாங்க வந்தார். கையில் ஒரு சாக்கு இருந்தது, அதற்குள் ஏதோ அசைந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்மணிகள் இருவர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்கள். "ஒன்னுமில்ல காக்கா, பூனைதான். மீன் மார்க்கெட்டுல விடப் போறேன்" என்றார்.

ஏன் என்று கேட்டோம். மூன்று வாரமாக வீடெல்லாம் மூத்திரம். துவைத்து மடித்து வைத்த துணியில், சோபாவில், கடைசியில் உம்மா தொழும் முஸல்லாவில். உம்மா வயதானவர், முஸல்லாவை விரித்தபடியே வைத்திருப்பார். ஃபஜ்ருக்கு இருட்டில் எழுந்து தக்பீர் கட்டி, ஸஜ்தாவில் நெற்றியை வைத்தபோதுதான் ஈரம் தெரிந்திருக்கிறது. குளித்து உடை மாற்றி வருவதற்குள் சூரியன் உதித்துவிட்டது. ஒன்று பூனை இருக்கட்டும், இல்லையென்றால் நான் இளைய மகன் வீட்டுக்குப் போகிறேன் என்று உம்மா சொல்லிவிட்டார். வீட்டில் ஏழு வயதுப் பெண் குழந்தை பூனையை விடாதீர்கள் என்று அழுதுகொண்டிருக்கிறது.

அதற்கு முன்னால் பூனை எங்கே போய்க்கொண்டிருந்தது என்று கேட்டோம். "பக்கத்து வீட்டுக் கட்டட மணல் குவியல்ல." அந்த மணல் இப்போது எங்கே? சகோதரர் சற்று நேரம் பேசவில்லை. பக்கத்து வீட்டு வேலை முடிந்து, மிச்ச மணலை அள்ளிக்கொண்டு போய், தரை முழுக்க சிமென்ட் கல் பதித்தது சரியாக மூன்று வாரத்துக்கு முன்புதான். வீட்டில் யாருமே இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

பத்து நாள் பொறுங்கள், சாக்கை வீட்டுக்கே கொண்டுபோங்கள் என்றோம். அவரிடம் சொன்னதையும், இதே பிரச்சினையோடு வேறு சிலர் கேட்டபோது சொன்னதையும் சேர்த்து இந்த மாதப் பாடமாக எழுதுகிறோம்.

முதலில் மார்க்கச் சட்டத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். அபூ கதாதா (ரலி) அவர்களுக்கு உளூ செய்ய அவர்களின் மருமகள் கப்ஷா தண்ணீர் ஊற்றி வைத்தார். ஒரு பூனை வந்தபோது அது குடிப்பதற்காகப் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். மருமகள் வியப்போடு பார்க்க, பூனை அசுத்தமானதல்ல, அது உங்களைச் சுற்றி வருபவற்றில் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருப்பதாக விளக்கினார்கள். முவத்தாவிலும் அபூதாவூத், திர்மிதியிலும் வரும் இந்தச் செய்தியை நம்மில் பலரும் பயானில் கேட்டிருக்கிறோம். அதை வைத்து, பூனையுடையது எல்லாமே சுத்தம் என்று சிலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. அந்த ஹதீஸ் பூனை வாய் வைத்த தண்ணீரைப் பற்றியது. அதன் சிறுநீர் நஜீஸ்தான். முஸல்லாவிலோ உடையிலோ பட்டால் கழுவாமல் தொழ முடியாது. ஆகவே அந்த உம்மாவின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. பூனைப் பிரியர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மறுபக்கமும் இருக்கிறது. பூனையைக் கட்டிவைத்து, தானும் உணவு தராமல், அது தானாகத் தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண் தண்டிக்கப்பட்ட செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. "நாங்கள் கட்டிவைக்கவில்லையே, விட்டுத்தானே விடுகிறோம்" என்பார்கள். வீட்டுச் சோறு தின்று வளர்ந்த பூனைக்கு வேட்டை தெரியாது. மார்க்கெட்டில் ஏற்கெனவே இருக்கும் கடுவன்களும் நாய்களும் புதிய பூனையைச் சேர்த்துக்கொள்வதில்லை. அதை அங்கே விடுவது விடுதலை ஆகாது என்பது நமது கருத்து.

இனி விஷயத்துக்கு வருவோம். வழக்கமில்லாத இடத்தில் பூனை சிறுநீர் கழித்தால் முதல் கேள்வி, அதற்கு நோயா என்பது. இதை அனுபவத்தில் சுட்டுக்கொண்டு எழுதுகிறோம். பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டில் ஒரு கடுவன் பூனை இருந்தது. ஒரு வியாழக்கிழமை அது சமையலறை மூலையிலும் குளியலறை வாசலிலும் போய்ப் போய்க் குந்தியது. ஒரு சொட்டு, இரண்டு சொட்டு. வேண்டுமென்றே அசிங்கம் செய்கிறது என்று விளக்குமாற்றால் விரட்டினோம். கத்தியது. மலச்சிக்கல் என்று யாரோ சொன்னதைக் கேட்டு விளக்கெண்ணெய் கொடுத்தோம். மறுநாள் ஜும்ஆ முடிந்து வந்தபோது கட்டிலுக்கு அடியில் சுருண்டு கிடந்தது. சனிக்கிழமை காலை இறந்துவிட்டது. அதற்கு நடந்தது சிறுநீர் அடைப்பு என்பது பிறகு ஒரு கால்நடை மருத்துவர் சொல்லித்தான் தெரிந்தது. அந்த விளக்குமாற்றை இன்றும் மறக்க முடியவில்லை.

ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகலானது. பொடிக் கற்களும் சளி போன்ற கசடும் சேர்ந்து அதை அடைத்துக்கொள்ளும். சிறுநீர் வெளியேறாவிட்டால் சிறுநீரகம் வேலை செய்யாமல் போகும், இரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், இதயம் நின்றுவிடும். ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடலாம். அடிக்கடி குந்துவது, சொட்டுச் சொட்டாக வருவது அல்லது ஒன்றுமே வராதது, குந்தும்போது கத்துவது, பின்பக்கத்தை ஓயாமல் நக்குவது, இரத்தம் கலந்து வருவது, வாந்தி, தீனி தின்னாமை ஆகியவை அடையாளங்கள். ஆண் பூனையிடம் இவற்றைக் கண்டால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். பெண் பூனைக்கு முழு அடைப்பு அரிது. ஆனால் சிறுநீர்ப்பை அழற்சி அதற்கும் வரும், வலியெடுக்கும். அந்த வலியை அது மணல் தட்டோடு சேர்த்து நினைத்துக்கொண்டு தட்டையே வெறுத்துவிடும். வயதான பூனை நிறையத் தண்ணீர் குடித்து நிறையச் சிறுநீர் கழித்தால் சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ இருக்கலாம்.

வலி என்று நினைத்து வீட்டிலுள்ள பாராசிட்டமால் மாத்திரையைப் பூனைக்கு ஒருபோதும் கொடுக்காதீர்கள். அதைச் சிதைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு இல்லை. ஒரே மாத்திரை அதைக் கொன்றுவிடும்.

அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனையில் காட்டலாம். பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் திருநெல்வேலி, ஒரத்தநாடு, நாமக்கல், சென்னை வேப்பேரி ஆகிய ஊர்களில் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. பூனை இயல்பாகவே தண்ணீர் குறைவாகக் குடிக்கும் பிராணி. பாக்கெட் தீனி மட்டும் போடும் வீடுகளில் தண்ணீர்க் கிண்ணத்தை இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள். மீன் வேகவைத்த உப்பில்லாத தண்ணீரைச் சோற்றில் பிசைந்து கொடுங்கள். வெங்காயம் பூண்டு சேர்ந்த குழம்பு மட்டும் வேண்டாம், அது பூனையின் இரத்தத்தைக் கெடுக்கும்.

நோய் இல்லை என்று தெரிந்தபின், பூனை எப்படிப் பெய்கிறது என்று கவனியுங்கள். இரண்டு விதம் உண்டு. குந்தி உட்கார்ந்து, தரையிலோ துணியிலோ குளமாகப் பெய்வது ஒரு விதம். நின்றபடியே வாலைத் தூக்கி, வால் நுனி நடுங்க, பீரோ, கதவு, சுவர் போன்றவற்றில் பின்பக்கமாகக் கொஞ்சமாகப் பீய்ச்சுவது இன்னொரு விதம். முதலாவது கழிப்பிடப் பிரச்சினை. இரண்டாவது, இது என் இடம் என்று பூனை ஒட்டும் நோட்டீஸ். இரண்டையும் ஒன்றாக நினைத்து மருந்து தேடினால் பலிக்காது. அந்தச் சகோதரர் வீட்டில் இரண்டுமே நடந்துகொண்டிருந்தது! முஸல்லாவிலும் துணியிலும் குளம், கேட் பக்கத்துக் கதவில் பீய்ச்சல்.

பீய்ச்சுவது பெரும்பாலும் விதை நீக்காத கடுவன்கள்தாம். தெருக் கடுவன் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால் நம் வீட்டுப் பூனை உடனே எல்லை குறிக்கும். ஜன்னலின் கீழ்ப்பாதியில் காகிதம் ஒட்டி மறைத்தாலே சில வீடுகளில் பாதி குறைந்துவிடும். முழுத் தீர்வு கருத்தடை ஆபரேஷன். அது செய்த ஆண் பூனைகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பீய்ச்சுவதை விட்டுவிடுகின்றன, அல்லது மிகவும் குறைத்துக்கொள்கின்றன. சிறுநீரின் அந்தக் கடும் வாடையும் தணியும். பழக்கம் ஏறுவதற்கு முன், ஆறு மாத வயதை ஒட்டிச் செய்வது நல்லது.

இது மார்க்கத்தில் கூடுமா என்று உடனே கேட்பீர்கள். இதில் மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. பயன் இருந்தால் பிராணிகளுக்கு விதை நீக்குவதில் குற்றமில்லை என்பது ஹனஃபி நிலை. ஷாஃபிஈ நூல்கள் உண்ணத் தகாத பிராணிகள் விஷயத்தில் கண்டிப்பாகவே இருக்கின்றன. குட்டிகள் பெருகி, வளர்க்க வழியின்றித் தெருவில் சாகும் நிலையில், பூனைக்கு ஊறு இல்லாதபடி செய்யலாம் என்று இக்கால அறிஞர்களில் சிலர் சொல்கிறார்கள். நம் ஊரில் இரு மத்ஹபினரும் இருக்கிறோம். ஃபத்வா கொடுப்பது செயலாளரின் வேலையல்ல. உங்கள் பள்ளி ஹஜ்ரத்திடம் கேளுங்கள். கேட்கும்போது வீட்டு நிலைமையையும், இன்று மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள்.

இனிக் கழிப்பிடம். நம் உம்மாமார் காலத்து வீடுகளில் முற்றம் இருந்தது, கொல்லையில் மண் இருந்தது. பூனை போகும், குழி தோண்டும், மூடும், வரும். யாரும் அதற்குப் பழக்கிக் கொடுக்கவில்லை. பூனையின் முன்னோர்கள் வறண்ட நிலத்துக் காட்டுப் பூனைகள், மணலைத் தோண்டி மூடுவது அதன் இயல்பு. இன்று வெளிநாட்டுப் பணத்தில் வீடு கட்டி, உள்ளே டைல்ஸ், வெளியே சிமென்ட் கல் என்று ஒரு சாண் மண் இல்லாமல் மூடிவிட்டோம். பூனை மெத்தென்ற இடம் தேடுகிறது. கிடைப்பது முஸல்லா, மெத்தை, துணிக் குவியல்.

ஆகவே மண்ணைத் திரும்பக் கொடுக்க வேண்டும். அகலமான பழைய பிளாஸ்டிக் டப் போதும். பூனையின் உடல் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளம் இருக்கவேண்டும், அது உள்ளே திரும்பி நிற்க இடம் வேண்டும். குட்டிக்கும் வயதான பூனைக்கும் ஒரு பக்கம் தாழ்வாக வெட்டிக் கொடுங்கள். சலித்து வெயிலில் காயவைத்த மணலை 5 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கொட்டுங்கள். கடையில் விற்கும், நனைந்தால் கட்டியாகும் களிமண் மணலும் நல்லதுதான். ஆனால் வாசனை சேர்த்ததை வாங்காதீர்கள். அந்த வாசனை நமக்குத்தான் பிடிக்கும், பூனைக்குப் பிடிக்காது. ஒரு பூனைக்கு இரண்டு டப், இரண்டு பூனைக்கு மூன்று என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. மாடி வீடென்றால் தளத்துக்கு ஒன்றாவது வேண்டும்.

டப்பை எங்கே வைப்பது என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் பூனை போகாது, நாமும் போகமாட்டோமே. வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தால், ஒருநாள் மெஷின் அதிர்ந்த பயத்தில் அப்புறம் அந்தப் பக்கமே வராது. குளியலறையில் வைத்துவிட்டு இரவில் கதவைச் சாத்தும் வீடுகளும் உண்டு. ஆள் நடமாட்டம் குறைந்த, எப்போதும் திறந்திருக்கும் மூலை வேண்டும். மாடிப்படிக்கு அடியில் பல வீடுகளில் சரியாக அமைகிறது. முதலில் பூனை தவறாகப் போகும் இடத்திலேயே டப்பை வைத்து, அது பழகியபின் நாளுக்கு ஒரு சாண் வீதம் நகர்த்திக்கொண்டு போனால் குழப்பம் வராது. சிறுநீரைத் துடைத்த துணியில் ஒரு துண்டைக் கிழித்து மணலில் புதைத்து வையுங்கள், மூக்கு வழிகாட்டும். அப்படியும் கேட்காவிட்டால் சில நாள் ஒரு சிறிய அறையில் டப், தண்ணீர், தீனி, படுக்கத் துணி எல்லாம் வைத்து இருக்கச் செய்யலாம். நாளுக்குச் சில தடவை போய்ப் பேசி, தடவிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

நனைந்த மணலையும் மலத்தையும் தினமும் இரண்டு வேளை அள்ளவேண்டும், வாரம் ஒருமுறை முழு மணலையும் மாற்றவேண்டும். இந்த வேலையைக் கர்ப்பிணிகள் செய்ய வேண்டாம். பூனை மலத்தில் வரும் டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி வயிற்றிலுள்ள குழந்தையைப் பாதிக்கும். மலம் கிடந்து ஒரு நாளாவது ஆனபிறகே அந்தக் கிருமி தொற்றும் நிலைக்கு வரும் என்பதால், அன்றன்றே அள்ளுவது வீட்டிலுள்ள எல்லோருக்கும் பாதுகாப்பு. கணவன்மார்கள் இந்த வரியை இரண்டு தடவை படிக்கவும்.

அடுத்து, கழுவுவது. இங்கே இரண்டு சுத்தம் இருக்கிறது. ஒன்று தொழுகைக்கான சுத்தம், மற்றொன்று பூனையின் மூக்குக்கான சுத்தம். ஒரு கிராமவாசி பள்ளிவாசலுக்குள் சிறுநீர் கழித்துவிட்டபோது, நபி (ஸல்) அவர்கள் அவரைத் தடுக்கவோ திட்டவோ விடாமல், ஒரு வாளித் தண்ணீரை ஊற்றச் செய்ததை அறிவோம். நஜீஸைத் துடைத்து நீக்கித் தண்ணீர் ஊற்றிவிட்டால் நமக்கு அந்த இடம் சுத்தமாகிவிடுகிறது. பூனைக்கு ஆகாது. சிறுநீரிலுள்ள யூரிக் அமிலம் தண்ணீரில் எளிதாகக் கரையாது. டைல்ஸ் இடுக்கிலும் மெத்தைப் பஞ்சிலும் தங்கி, ஈரக் காற்றுப் பட்டதும் மறுபடி மணக்கும். நாம் சுத்தம் என்று விரிக்கும் முஸல்லா, பூனையின் மூக்குக்குக் கழிப்பிடம் என்றே சொல்லும். பழைய இடத்துக்கே அது திரும்பத் திரும்ப வருவதன் காரணம் இது.

இரண்டுக்கும் சேர்த்து இப்படிச் செய்யுங்கள். முதலில் காய்ந்த துணியையோ பழைய செய்தித்தாளையோ வைத்து அழுத்தி உறிஞ்சுங்கள், தேய்த்தால் பரவும். பிறகு என்சைம் கலந்த சலவைத் தூளை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து ஊற்றி, கால் மணி நேரம் ஊறவிடுங்கள். யூரிக் அமிலத்தையே சிதைக்கும் திரவமும் வளர்ப்புப் பிராணிகளுக்கான கடைகளில் கிடைக்கிறது, பஞ்சு மெத்தைக்கும் சோபாவுக்கும் அதுதான் சரி. கடைசியில் வெறும் தண்ணீர் ஊற்றி அலசவேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில் நஜீஸை நீக்கக் கலப்பில்லாத தண்ணீர்தான் வேண்டும், சோப்புத் தண்ணீரோடு நிறுத்தக் கூடாது. பிறகு நல்ல வெயில்.

ஃபினைல் ஊற்றாதீர்கள். அது பூனைக்கு விஷம், நடந்த காலை நக்கியே உடம்புக்குள் போய்விடும். பிளீச்சிங் பவுடர் சிறுநீரோடு சேர்ந்தால் கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும் வாயு கிளம்பும். பிளீச்சிங் பவுடரையும் கக்கூஸ் கழுவும் ஆசிட்டையும் சேர்த்து ஊற்றினால் அதைவிட ஆபத்து. மூலைகளில் அந்துருண்டை போட்டு வைப்பதும் வேண்டாம், அது பூனைக்கும் விஷம், தவழும் குழந்தைக்கும் விஷம். மூக்கைப் பிடித்துச் சிறுநீரில் தேய்ப்பது, அடிப்பது போன்றவற்றால் பூனை கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்று: உங்களுக்குத் தெரியாத இடத்தில் பெய்ய வேண்டும் என்பது. பிறகு பீரோவுக்குப் பின்னால் தேட வேண்டியிருக்கும்.

தேடுவதற்கு ஒரு வழி இருக்கிறது. கடைகளில் கள்ள நோட்டுப் பார்க்க வைத்திருக்கும் ஊதா ஒளி டார்ச்சை இரவில் விளக்கணைத்து அடித்தால், காய்ந்துபோன சிறுநீர் மங்கலாக மின்னும். சகோதரர் வீட்டில் இப்படிப் பார்த்தபோது, வீட்டார் அறிந்தது நான்கு இடம், டார்ச் காட்டியது ஒன்பது.

வீட்டு நடப்பு மாறினாலும் பூனை தடுமாறும். ரமளானில் ஸஹருக்கு எல்லோரும் எழுவது, பெருநாளைக்கு முன் பெயின்ட் அடிப்பது, விருந்தாளிகள் நிறைவது, புதுக் குழந்தை, புதுப் பூனை எல்லாமே அதற்குக் கலவரம்தான். அந்த நாட்களில் வழக்கமான நேரத்தில் தீனியும், ஒதுங்கிக்கொள்ள ஓர் அறையும் கொடுத்தால் போதும்.

இன்னொன்று, எளிமையானது. தொழுது முடித்ததும் முஸல்லாவை மடித்து அலமாரியில் வையுங்கள். முதியவர்களால் குனிந்து மடிக்க முடியாவிட்டால் வீட்டுப் பிள்ளைகள் ஒருவரிடம் அந்தப் பொறுப்பை ஒப்படையுங்கள்.

சகோதரர் பதினோராம் நாள் வந்தார், இம்முறை சாக்கு இல்லை. மாடிப்படிக்கு அடியில் ஒன்றும், பின்வாசலில் ஒன்றுமாக இரண்டு டப். முதல் வாரத்தில் சோபாவில் ஒருமுறை, அதன்பிறகு உள்ளே எங்கும் இல்லை. முஸல்லாவை மடிக்கும் வேலையை மகள் எடுத்துக்கொண்டாள். கதவில் பீய்ச்சுவது மட்டும் இன்னும் நிற்கவில்லை, ஆபரேஷன் பற்றி ஹஜ்ரத்திடம் கேட்டிருக்கிறார். உம்மா என்ன சொன்னார்கள் என்று விசாரித்தோம். "ஒன்னும் சொல்லல காக்கா. நேத்து மீன் தலையை எடுத்து அதுக்குன்னு தனியா வச்சாங்க" என்றார்.

அந்த டார்ச் இப்போது நமது அலுவலகத்தில் இருக்கிறது. தேவைப்படுவோர் அஸருக்கும் இஷாவுக்கும் இடையில் வந்து, நோட்டில் பெயர் எழுதிவிட்டு வாங்கிச் செல்லலாம். மறுநாளே திருப்பித் தந்துவிடவும்.